பத்துப் பேருக்கு ஒரு நெஞ்சு

எங்கள் பங்குக் கோவிலில் யாருக்காவது நெஞ்சை அடைத்தாலும் மூச்சு வாங்கினாலும் இரண்டு பேருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒருவர் பாதர். இன்னொருவன் நான். பாதர் ஜெபம் செய்வார். எந்த வார்டில் எந்தக் கிழமை எந்த டாக்டர் வருவார், எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் வேண்டும், கையுறையும் ஊசியும் வெளியே எந்தக் கடையில் வாங்கினால் ஏமாற்ற மாட்டார்கள் என்பதையெல்லாம் நான் சொல்வேன். ஓர் அரசுத் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டி, ஆபீஸ் சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன தெரியும்? ஒரே கதையைப் பத்து வீட்டில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நடைமுறை தெரிந்தவன் கூட இருந்தால் நோயாளிக்கு நல்லது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

நோயாளி என் அக்கா அருளம்மாவின் மகள் ஸ்டெல்லா. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. தொழில், நெட்பால் ஆடுவது.

தமிழ்நாட்டுப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். வலைப்பந்து என்றும் சொல்வார்கள். பக்கத்துக்கு ஏழு பெண்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கையில் பந்து வந்துவிட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், மூன்று வினாடிக்குள் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொருத்தியும் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதற்கு மார்பிலும் முதுகிலும் எழுத்து மாட்டியிருக்கும். அரசு அலுவலகத்தைப் போலவே ஒழுங்கான விளையாட்டு. ஸ்டெல்லா சென்டர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது.

ரங்கூனில் கன்னியாஸ்திரிகள் தங்கள் பெண்கள் பள்ளிகளில் கொண்டுவந்த ஆட்டம். பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது, கன்னியாஸ்திரிகள் போனார்கள், வளையம் மாட்டிய கம்பங்கள் மட்டும் நின்றன. பிற்பாடு எங்கள் துறைக்கும் வேறு சில துறைகளுக்கும் அணி வைத்துக்கொள்ளும் ஆசை வந்தது. ஆட்டக்காரிகளைக் கீழ்நிலை எழுத்தர்களாகச் சேர்த்தோம். சம்பளம் அலுவலகத்தில், வேலை மைதானத்தில். மாத அரிசியும் பயிற்சி முகாமில் முட்டையும் உண்டு. இந்த ஊரில் தொழில்முறை ஆட்டக்காரி என்றால் இதுதான் பொருள். ஸ்டெல்லாவுக்கு எட்டு வருடமாக எங்கள் அலுவலகத்தில் ஒரு மேசை இருந்தது. அதன் இழுப்பறையை அவள் ஒருநாளும் திறந்ததில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில், ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியிலேயே அவள் முழங்காலில் கை ஊன்றி நிற்கத் தொடங்கினாள். சோம்பல் என்று பயிற்சியாளர் இன்னும் ஐந்து சுற்று ஓடவிட்டார். ரங்கூனின் ஓரத்தில் தாகேதா வீட்டில் இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள். தட்டையாகப் படுத்தால் இருமல். அக்கா கோழி சூப் வைத்தாள், தைலம் தேய்த்தாள், புனிதரின் நினைவுத் துண்டான அருளிக்கம் வாங்கிக் கழுத்தில் கட்டினாள். ஒரு பிற்பகல் பயிற்சியில் ஸ்டெல்லா மைதானத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நாவல் பழம் தின்றவள் மாதிரி இருந்தது என்று கோல் கீப்பர் மா வின் பிறகு சொன்னாள். அவள்தான் இவளைத் தூக்கி ஆள் ஏற்றும் லைன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள்.

ஐந்தடி ஒன்பது அங்குலம் உயரம் அந்த மா வின். பர்மியப் பெண். அவளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். மருந்து வாங்க, ரத்தக் குப்பியைப் பரிசோதனைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட, தள்ளுவண்டி தள்ள. அக்கா தாகேதாவில் பெண்கள் கட்டும் தமேன் தைத்துப் பிழைப்பவள். அவள் தையல் மிஷினை விட்டு வர முடியாது. ஓய்வு பெற்றவன் நான் இருக்கிறேனே. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டேன். காலையும் மாலையும் அக்கா அடுக்குத் தூக்கில் சோறு கொண்டு வருவாள்.

"இது ஒனக்கு, இது அவளுக்கு. ஒன்னுதுல உப்பு இருக்கு. மாத்தித் தின்னுப்புடாதே."

முதல் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். வார்டின் பெரிய டாக்டர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. டாக்டரம்மாக்களை இங்கே சயாமா என்போம். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இதயம் இருக்க வேண்டிய இடத்தில் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடுகளாக இழுக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதிலும் ஏதோ சரியில்லை, ஆனால் என்ன என்று தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அடுத்து எக்கோ என்ற பரிசோதனை. ஒலி அலையை அனுப்பி இதயத்தை உள்ளே பார்ப்பது, வலி கிடையாது. அந்த வார்டுக்கான இயந்திரம் மின்சாரம் ஏறி இறங்கியதில் படுத்துவிட்டது. இன்னொரு இயந்திரத்துக்கு மூன்று வாரம் வரிசை.

"பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா?" என்று சயாமா கேட்டார். இதயம் எப்போதிருந்து இப்படிப் பெரிதாக இருக்கிறது என்று தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி என்றார்.

இந்த இடத்தில்தான் நான் எழுந்து நின்றேன். நடைமுறை தெரிந்தவன் அல்லவா? எங்கள் துறையில் அணிக்காரிகள் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு, சான்றிதழோடு நெஞ்சுப் படமும் கோப்பில் இருக்கும் என்றேன். அன்றைக்கே என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். எனக்குப் பின் என் நாற்காலியில் உட்கார்ந்த ஊ டின் மாவுங் எழுந்து நின்று வரவேற்றார். இரண்டு விண்ணப்பம், ஒரு ஒப்புதல் கடிதம், ஒன்றரை மணி நேரம். எட்டு மாதத்துக்கு முன் எடுத்த படத்தோடு திரும்பினேன். வார்டு எழுத்தரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகப் பதிவேட்டில் எழுத வைத்து, நானே சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் கற்றுக்கொடுத்தேன்.

சயாமா இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பழையதில் இதயம் கைப்பிடி அளவு, அழகாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவர் முகம் தெளிந்தது.

எட்டு மாதத்தில் ஓர் இதயம் இவ்வளவு வளராது, ஆகவே இது வளர்ந்த இதயம் இல்லை என்று விளக்கினார். இதயம் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பைக்குள் நீர் கோத்துக்கொண்டால் படத்தில் இதயமே பருத்த மாதிரி நிழல் விழும். காசநோய் உள்ள நம் ஊரில் இது புதிதில்லை. மார்பெலும்புக்குக் கீழே நீண்ட ஊசியைச் செலுத்தி நீரை உறிஞ்சி எடுத்தால் மூச்சு சரியாகும், பிறகு காசநோய் மருந்து. வியாழக்கிழமை காலை செய்துவிடலாம்.

"இப்படிக் கோப்போடு வருகிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை, ஊலே" என்றார். ஊலே என்றால் மாமா, பெரியவர். அன்று மாலை அக்கா கொண்டு வந்த சோற்றை நான் ரசித்துத் தின்றேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை பார்வையாளர் நேரத்தில் மா வின் வந்தாள். ஓவல்டின் டின், அவித்த காடை முட்டை, ஸ்டெல்லாவின் எழுத்துச் சட்டை. அதை அவள் துவைத்து மடித்துக் கொண்டு வந்திருந்தாள். ஸ்டெல்லா ஆக்சிஜன் குழாயோடு அரைத் தூக்கத்தில் இருந்தாள். பேச ஆளில்லாத மா வின், மெத்தைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த எக்ஸ்ரே உறையை உருவி, அதிலிருந்த பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சிரித்துவிட்டாள். அவள் பர்மிய மொழியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"ஊலே, இது நான்தானே."

என்னவென்று கேட்டேன்.

"இதோ பாருங்க, என் காறை எலும்பு. முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி."

இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கும் எலும்பில், உடைந்து கூடிய இடம் புடைத்துத் தெரிந்தது. படத்தின் மூலையில் ஒட்டிய சீட்டில் ஸ்டெல்லாவின் பெயர் இருந்தது.

அந்த நடைமுறைக்கு அப்பன் நான்தான். ஸ்டெல்லா வேலையில் சேர்ந்த வருடம், மருத்துவப் பரிசோதனை நாளும் பயிற்சி முகாமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. எக்ஸ்ரே வரிசையில் பத்துப் பெண்கள் நின்றால் ஒரு நாள் பயிற்சி போச்சு என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். காறை எலும்பு உடைந்து கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தவள் மா வின் ஒருத்தி. அவளை அனுப்பினேன். எக்ஸ்ரே எடுப்பவர் எனக்குத் தெரிந்தவர். மா வின் இயந்திரத்தின் முன்னால் பத்து முறை நின்று, பத்து முறை மூச்சை இழுத்துப் பிடித்தாள். பத்துப் படத்துக்கும் பத்துப் பெயர்ச் சீட்டு. சான்றிதழில் கையெழுத்துப் போட்ட டாக்டர், அணியில் பத்துப் பேருக்கும் ஒரே எலும்பு ஒரே இடத்தில் உடைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. நுரையீரலைப் பார்க்க வந்தவர் எலும்பைப் பார்ப்பாரா?

ஒரு முறை செய்தது அடுத்த வருடம் வழக்கம். மூன்றாவது வருடம் விதி. ஒரே உடம்பில் இத்தனை முறை கதிர் பாய்ச்சுவது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கும் ஆநா. அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூசும் பர்மியக் குணத்துக்கு அதுதான் பெயர். நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அந்த வழக்கம் ஓய்வு பெறவில்லை. வேலையை எப்படி ஒப்படைத்தேனோ அப்படியே ஊ டின் மாவுங் நடத்தியிருக்கிறார். நானோ, கோப்பில் இருக்கிறது என்பதால் அது ஸ்டெல்லாவின் நெஞ்சு என்று நம்பி, பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பொய்யை உண்டாக்கியவனே அதை மறந்து நம்பும் அளவுக்கு நல்ல கோப்பு.

அப்படியென்றால் ஸ்டெல்லாவின் இதயம் எட்டு மாதத்துக்கு முன் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அது பையில் கோத்த நீராக இல்லாமல், பெருத்த இதயமாகவே இருந்தால்? வியாழக்கிழமை அந்த ஊசி எதற்குள் போகும்?

மா வின் முகம் மாறிவிட்டது. அவள் முட்டாள் இல்லை. படத்தை உறைக்குள் வைத்து, உறையை மெத்தைக்கடியில் வைத்து, "நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முப்பத்தாறு வருடம் எல்லோரிடமும் சொன்ன வாக்கியம் அது.

புதன்கிழமை முழுக்க நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. காலையில் படத்தை எடுத்து ஒளித்துவிடலாமா என்று யோசித்தேன். படத்தை ஒளிக்கலாம். அதைப் பார்த்து சயாமா கேஸ் தாளில் எழுதியதை ஒளிக்க முடியாது. பதிவேட்டில் என் கையெழுத்து வேறு. பிறகு எக்கோ வரிசையில் முன்னால் போக, துறைக் கடிதம் கேட்டு ஊ டின் மாவுங்கிடம் போனேன். மருத்துவக் குழு கூடிப் பரிந்துரைத்தால் தரலாம் என்றார். விதியைச் சரியாகத்தான் சொன்னார், நான் சொல்லிக்கொடுத்ததுதானே. தனியார் கிளினிக்கில் எக்கோ எடுக்கலாம் என்றால் அங்கே நோயாளியைக் கொண்டு போக வேண்டும். வார்டிலிருந்து பெயரை வெட்டினால் கட்டில் போய்விடும். ஆக்சிஜன் இல்லாமல் அவள் மாடிப்படி இறங்க மாட்டாள்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்கு மனப்பாடம். பொய்ச் சான்றிதழோடு பணியில் இருப்பவர் பணிநீக்கம். முதலில் போவது ஸ்டெல்லா. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கிடையாது, துறை நிதியிலிருந்து சிகிச்சை உதவி கிடையாது. அவளுக்குப் பின் ஒன்பது பெண்கள். எக்ஸ்ரே எடுப்பவர். ஊ டின் மாவுங். என் பென்ஷன். இவ்வளவையும் தடுக்க ஒரு படிவம் இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

மாலையில் அக்கா தூக்கோடு வந்தபோது மாடிப்படியில் உட்கார வைத்துச் சொன்னேன். முடித்ததும் தூக்கின் மூடியை ஒரு தடவை திறந்து மூடினாள்.

"அந்தோணி, வேல போனா என் மிஷின்ல ஒக்காந்து தைப்பா. ஊசி தப்பாப் போனா எங்கிட்டு ஒக்காருவா?"

பணிநீக்க விதியின் எண்ணைச் சொல்லத் தொடங்கினேன்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா? எனக்குப் பர்மா பேச்சு சுத்தமா வராது. கண்டபடி சொல்லிருவேன். அதனால நீயே சொல்லு."

எழுந்து போய் மகளுக்கு ஊட்டினாள். அடுத்த பத்து நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் என் தூக்கில் உப்புப் போட்ட குழம்பு தவறாமல் வந்தது.

வியாழக்கிழமை காலை, கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். வெளியே கடையில் நானே வாங்கி வந்த கையுறையும் பஞ்சும் தட்டில் இருந்தன. அந்த ஊசியும். ஸ்வெட்டர் பின்னும் ஊசி நீளம் இருந்தது. ஸ்டெல்லா அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். என் விரலைப் பிடித்திருந்தாள், பந்தைப் பிடிக்கும் கை, வலித்தது.

சயாமா கை கழுவிவிட்டு வந்தார். திரைக்கு வெளியே ஒரு நிமிடம் வரச் சொன்னேன். நேரமில்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து வந்தார்.

அந்தப் பழைய படம் இவளுடையது அல்ல என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகத்தில் நீண்ட குறிப்பு எழுதிப் பழகியவன், இதை ஐந்தாறு வாக்கியத்தில் முடித்துவிட்டேன். அவர் உள்ளே போய், ஸ்டெல்லாவின் இரண்டு காறை எலும்பையும் விரலால் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்திருக்கும். பழைய படத்தை ஜன்னலில் பிடித்தார். முடிச்சைப் பார்த்தார்.

"இது யார்?"

"கோல் கீப்பர்."

"எத்தனை பேருக்கு?"

"பத்து."

"நல்ல நெஞ்சு" என்றார் சயாமா.

தட்டை எடுத்துப் போகச் சொன்னார். பிறகு நர்ஸின் மேசையில் உட்கார்ந்து கேஸ் தாளில் முன்பு எழுதியிருந்ததை ஒற்றைக் கோட்டால் அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே எழுதினார். தலைகீழாக இருந்தாலும் நான் படித்துவிட்டேன். அலுவலகத்தில் எதிர் மேசைத் தாளைப் படித்துப் பழகியவன். 'முந்தைய படம்: கிடைக்கவில்லை.' அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தையோ பத்துப் பெண்களையோ பற்றி ஒரு சொல் இல்லை. முப்பத்தாறு வருடத்தில் இதைவிட நல்ல அலுவலகக் குறிப்பை நான் வாசித்ததில்லை.

படத்தை என்னிடம் நீட்டி, "ஊலே, இனிமேல் எனக்குக் காகிதம் எதுவும் கொண்டு வராதீர்கள். நோயாளியை மட்டும் கொண்டு வாருங்கள்" என்றார்.

அன்றே அவர் தெரிந்தவர் ஒருவருக்கு டெலிபோன் செய்து, மறு கட்டடத்தில் எக்கோ எடுக்க வைத்தார். ஸ்டெல்லாவைத் தள்ளுவண்டியில் வைத்து மழையில் பிளாஸ்டிக் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனேன். பையில் ஒரு சொட்டு நீர் இல்லை. பெருத்திருந்தது இதயமேதான். இதயத்துக்கு மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் பிறக்கும்போதே ஒரு துளை. இடது பக்க ரத்தம் அதன் வழியாக வலது பக்கம் கசிந்து, வலது பக்கம் இரட்டை வேலை செய்து, வருடக் கணக்கில் வீங்கிப்போயிருக்கிறது. சின்ன வயதில் ஒன்றும் தெரியாது, ஓடலாம், ஆடலாம். இருபதுகளில் கணக்குத் தீர்க்கும் என்றார் சயாமா. துளை பெரிய சட்டைப் பொத்தான் அளவு. அந்த ஊசி போயிருந்தால் இதயத்தின் சுவரையே குத்தியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மருந்தில் மூச்சைத் தேற்றி, இரண்டு மாதம் கழித்து அறுவை சிகிச்சை. இதயத்தை நிறுத்தி வைத்து, அது செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்ய, அந்த நேரத்தில் துளையை அடைப்பார்கள். இயந்திரத்தில் மாட்டும் குழாய்த் தொகுப்பு ஒருவருக்கு ஒருமுறைதான் ஆகும், நாமே வாங்கித் தர வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்து நான் பாயில் படுத்துவிட்டேன். துறை நிதி பாதி தந்தது. அணிப் பெண்கள் முகாம் முட்டையை விற்றார்கள். லான்மடாவில் துணிக்கடை வைத்திருக்கும் மரைக்காயர், அக்கா தைத்த தமேன்களை எடுத்துக்கொள்பவர், ஒரு காகித உறையை ஓவல்டின் டின்னுக்குள் வைத்து அனுப்பினார். அக்கா நன்றி சொல்லப் போனதற்கு, வருகிற நோன்புப் பெருநாளைக்கு இருநூறு உருப்படி தைத்துக் கொடுங்க தங்கச்சி, அதுக்குப் பயந்துதான் குடுத்தேன் என்றாராம்.

அறுவைக்கு முந்தின நாள் புது ரத்தம் வேண்டும், கொடுப்பவர்களைக் குடும்பமே அழைத்து வர வேண்டும். அணி முழுவதும் வந்தது. இந்த இடத்தில் ஒருத்திக்காக இன்னொருத்தி நிற்க வழியில்லை. ஓரத்தில் நின்று தடுத்தாடும் ஒருத்தி ஊசியைக் கண்டு அழுதாள். மா வின் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை இறக்காமலே, அவளுக்கும் சேர்த்து நான் கொடுத்துவிடட்டுமா என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்து, ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினாள்.

அக்கா சர்ஜனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், என்னை மொழிபெயர்க்கச் சொல்லி. ஓட்டையை எதை வைத்து அடைப்பீர்கள்? இதயத்தைச் சுற்றியிருக்கும் பையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போடுவோம் என்றார். ஊசி போட இருந்தார்களே, அந்தப் பைதான்.

"அவ துணியிலயே அவளுக்கு ஒட்டு" என்றாள் அக்கா. "அப்பச் சாயம் மாறாது. தையல் மட்டும் நெருக்கமாப் போடச் சொல்லு."

சொன்னேன். போடுகிறோம் அம்மா என்று சர்ஜன் கை கூப்பினார்.

ஆறு மணி நேரம். அந்த நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை மேலிருந்து கீழாக நாற்பது தடவை படித்தேன். அதில் இரண்டு பிழை இருந்தது. அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, என் மடியில் ஒரு பொட்டலம் வைத்தாள். அவித்த சோளம். பேச்சு எப்போதோ திரும்பியிருந்தது, ஆனால் கோபம் தீர்ந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா பிழைத்தாள். நான்காம் நாள் சாய்ந்து உட்கார்ந்து, மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா கேட்டாள். இரண்டாம் வாரம் வார்டு வராந்தாவில் மெல்ல நடக்க வைத்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய நேரம் அது என்று தோன்றியது. அணிப் பெண்களுக்கு 'மருத்துவப் பரிசோதனை முடிந்தது, இங்கே கையெழுத்துப் போடு' என்பதைத் தவிர எதுவும் தெரியாது. மா வின்னும் ஒருத்தியிடமும் வாய் திறந்ததில்லை. ஸ்டெல்லா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பதினெட்டு வயசுல என் படத்தையே எடுத்திருந்தா?"

"அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"வேல?"

"குடுத்திருக்க மாட்டாங்க."

கீழே முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்றது. சுவரைப் பிடித்தபடி இன்னும் இரண்டு அடி வைத்தாள்.

"எட்டு வருசம் வெளையாண்டேன் மாமா. அது மா வின் நெஞ்சுல வாங்குனது. வேற யாருக்கும் கெடைக்காது."

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அதுக்காக ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. பந்து கைக்கு வந்தா மூணு செகண்டுதான். நீங்க செவ்வாக்கெழம வாங்கி வியாழக்கெழம குடுத்தீங்க."

ஆம். நடுவர் ஊதியிருக்க வேண்டும். ஊதவில்லை.

இனிச் சென்டராக ஓட முடியாது என்று சயாமா சொன்னதை அவள் எனக்கு முன்பே அறிந்திருந்தாள். துணியில் மடித்து வைத்திருந்த எழுத்துச் சட்டையை மா வின்னிடம் திருப்பிக் கொடுத்தாள், புதிதாக வருகிறவளுக்கு என்று. ஆறு மாதம் கழித்துத் தன் மேசையில் போய் உட்கார்ந்து முதன்முறையாக இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே அவள் பெயருக்கு வந்த எட்டு வருடச் சுற்றறிக்கைகள் இருந்தன. முதல் ஐந்து வருடத்தவை அத்தனைக்கும் கீழே என் கையெழுத்து. பொறுமையாக எல்லாவற்றையும் படித்தாள் என்று ஊ டின் மாவுங் என்னிடம் கவலையோடு சொன்னார்.

பணிக்குத் திரும்ப அவளுக்குப் புது நெஞ்சுப் படம் வேண்டியிருந்தது. தானே போய் எடுத்துக்கொண்டாள். அதில் மார்பெலும்பைச் சேர்த்துக் கட்டிய ஆறு கம்பி வளையங்கள் வெள்ளையாக வரிசையாகத் தெரியும். மா வின் அதையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்து, இதை யாருக்கும் இரவல் கொடுக்க முடியாது என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அணியின் காகித வேலையெல்லாம் ஸ்டெல்லாவிடம் வந்தது. வருடாந்தர மருத்துவப் பரிசோதனை நாளன்று பயிற்சி கிடையாது என்று அவள் முதல் நாளே எழுதி ஒட்டிவிட்டாள். பயிற்சியாளர் கத்தினார். அவள் சுற்றறிக்கை எண்ணைச் சொன்னாள். நான் எழுதிய சுற்றறிக்கைதான் அது. பத்துப் பெண்களையும் லைன் காரில் ஏற்றி எக்ஸ்ரே பிரிவுக்கு அழைத்துப் போனாள். வேலையில்லாதவன், நானும் போனேன். படம் எடுப்பவர் என்னைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். வரிசை தாழ்வாரம் முழுக்க நீண்டது. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள், மூச்சைப் பிடித்தார்கள், வெளியே வந்தார்கள். ஸ்டெல்லா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தாள்.

மா வின் இரண்டாவதாகப் போய் வந்தாள். வந்தவள் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே, யாரோடோ பேசியபடி, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றாள். எனக்குத்தான் அது முதலில் கண்ணில் பட்டது. வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா எழுந்து போய், அவள் முழங்கையைப் பிடித்து, வரிசையிலிருந்து வெளியே கொண்டுவந்து, என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.